துவக்கோடு வாசலில் நிற்பவருக்குச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது?

யாழ்ப்பாணத்து வங்கிகளிலும் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளிலும் சீருடையோடு நிற்கும் தனியார் பாதுகாப்பு உத்தியோகத்தர்களில் பெரும்பாலானோரிடம் துவக்கு கிடையாது. ஒரு பொல்லு, ஒரு விசில், ஒரு பதிவுப் புத்தகம், அவ்வளவுதான். துவக்கு வைத்திருப்பவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலரைப் பற்றி முதலாளிகளிடமும் பொதுமக்களிடமும், பல வேளைகளில் அவர்களிடமே கூட, ஆபத்தான ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: கள்ளன் வந்தால் சுடலாம், அதற்குத்தானே துவக்கைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறது என்பது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தனியார் பாதுகாப்பு உத்தியோகத்தருக்குப் பொலிஸ் அதிகாரம் எதுவும் இல்லை. சீருடை அவருக்கு மேலதிகமாக ஒன்றையும் தருவதில்லை. சந்தையில் மீன் வாங்க வந்த ஒருவருக்குத் தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ள என்ன உரிமை உண்டோ, அதே உரிமைதான் அவருக்கும். கையில் உயிரைப் பறிக்கும் கருவி இருப்பதால், அவர் எடுத்த முடிவு நீதிமன்றத்தில் இன்னும் நுணுக்கமாக உரசிப் பார்க்கப்படும். சுட்ட பிறகு சட்டத்தரணியிடம் கேட்டு அறிவதைச் சுடுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம்.

சட்டக்கோவை சொல்வது

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. தன் உடலை, இன்னொருவர் உடலைக் காக்க உரிமை உண்டு. தன் சொத்தை, இன்னொருவர் சொத்தைக் களவு, கொள்ளை, சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் ஆகியவற்றிலிருந்து காக்கவும் உரிமை உண்டு. காவலாளி முதலாளியின் நகையைக் காப்பது இதன்கீழ்தான்.

இந்த உரிமைக்கு 92ஆம் பிரிவு வேலி போடுகிறது. பொலிஸாரின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதை விடக் கூடுதலான தீங்கு செய்ய உரிமை இல்லை. அரச உத்தியோகத்தர் ஒருவர் தன் பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியத்துக்கு எதிராக, அதில் மரணமோ பாரதூரமான காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இல்லாதவரை, உரிமை இல்லை. சிவில் உடையில் தேடுதலுக்கு வரும் பொலிஸாரோடு வாசலில் கைகலப்பில் இறங்கும் காவலாளி இந்த மூன்றாவதில் மாட்டிக்கொள்வார். அடையாள அட்டையைக் கேட்கலாம், பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்தலாம். அதற்கு மேலே போகக்கூடாது.

மரணம் விளைவிக்கும் அளவுக்கு உரிமை எப்போது நீளும்? உடல் சார்ந்த நிலைமைகளை 93ஆம் பிரிவு சொல்கிறது: மரணம் அல்லது பாரதூரமான காயம் நேரும் என்று நியாயமாக அஞ்ச வைக்கும் தாக்குதல், பாலியல் வல்லுறவு நோக்கிலான தாக்குதல், ஆட்கடத்தல் நோக்கிலான தாக்குதல் முதலியவை. சொத்து சார்ந்தவற்றை 96ஆம் பிரிவு சொல்கிறது: கொள்ளை, இரவில் வீடுடைத்தல், மனிதர் வசிக்கும் கட்டடத்துக்குத் தீவைத்தல், மேலும் மரணமோ பாரதூரமான காயமோ நேரும் என்ற அச்சத்தை நியாயமாக எழுப்பும் களவு, சேதம், வீட்டு அத்துமீறல்.

‘கொள்ளை’ என்ற சொல்லைப் பட்டியலில் கண்டவுடன் பலர் அங்கேயே வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. உரிமை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை 98ஆம் பிரிவு சொல்கிறது. காவல் வேலைக்கு இதைவிட முக்கியமான பிரிவு கிடையாது. கொள்ளையர் ஒருவருக்கு மரணத்தையோ காயத்தையோ தடுத்துவைப்பையோ விளைவிக்கும் வரை, அல்லது உடனடியாக அவை நேரும் என்ற அச்சம் நீடிக்கும் வரைதான் கொள்ளைக்கு எதிரான உரிமை. அச்சம் போனதும் அந்த உரிமையும் போய்விடும். களவுக்கு எதிரான உரிமை கொஞ்சம் நீளம்: கள்ளன் பொருளோடு தப்பிப் போய்ச் சேரும் வரை, அல்லது பொலிஸ் உதவி கிடைக்கும் வரை, அல்லது பொருள் மீளும் வரை. ஆனால் வெறும் களவுக்கு எதிராக உயிரைப் பறிக்கும் உரிமை கிடையாது.

இதை ஒரு கடைக்குள் வைத்துப் பார்ப்போம். பிற்பகல் மூன்று மணி. முகம் மூடிய ஹெல்மெட்டோடு மூன்று பேர் நகைக்கடைக்குள் நுழைகிறார்கள். இருவர் கையில் வாள். ஒருவன் விற்பனைப் பெண்பிள்ளையின் கழுத்தருகே வாளை ஓங்கி நிற்கிறான். இந்த நிமிடத்தில் 93, 96 இரண்டும் காவலாளியின் பக்கம். நாற்பது செக்கன் கழிகிறது. பையை எடுத்துக்கொண்டு மூவரும் வெளியே ஓடி மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்கள். முதுகு கடைப் பக்கம், கை ஹாண்டிலில். உள்ளே இருப்பவர்களுக்கு உடனடி அச்சம் முடிந்துவிட்டது. பையில் எத்தனை பவுண் இருந்தாலும், இப்போது சுட்டு ஒருவன் செத்தால் காவலாளி கொலைச் சந்தேகநபர். அதே ஆட்கள், அதே வாள், அதே காவலாளி. மாறியது நாற்பது செக்கன் மட்டுமே. காவலாளிக்குப் பயிற்சியில் முதலில் பழக்க வேண்டியது இந்த நேரக் கணக்கைத்தான். குறிபார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நல்லெண்ணத்தோடு தற்காப்புரிமையை மீறிக் கொன்றால், 294ஆம் பிரிவின் விதிவிலக்கு அதைக் கொலையிலிருந்து இறக்கி, கொலையாகாத குற்றமுறு மனிதக் கொலை ஆக்கும். அதுவும் சிறைதான். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தலையில். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்படி விதிக்கிறது. நிகழ்தகவுச் சமநிலை அளவுக்காவது, அதாவது நடக்காததை விட நடந்திருக்கவே வாய்ப்புக் கூட என்ற அளவுக்காவது, எதிரியே அதை நிரூபிக்க வேண்டும் என்பதை 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்தியத் தீர்ப்புகளை இணையத்தில் வாசித்துவிட்டு ‘ஒரு சந்தேகத்தைக் கிளப்பினால் போதும்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிடிப்பதற்கான அதிகாரம்

தனி ஆள் கைது செய்வதை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 35ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைத் தன் கண்முன்னே செய்தவரையும், அப்படியொரு குற்றம் செய்ததாக நியாயமாகச் சந்தேகிக்கப்பட்டு ஓடிக்கொண்டிருப்பவரையும் பிடிக்கலாம். பிடித்ததும் வீண் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். பின்னறையில் பூட்டிவைத்து ‘விசாரிக்க’ அதில் இடமில்லை. 23ஆம் பிரிவு, திமிறுபவரைப் பிடிக்க நியாயமாகத் தேவையான வழிகளைப் பயன்படுத்தலாம் என்கிறது. கூடவே, மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்பட்டிராத ஒருவரின் உயிரைப் போக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்றும் அழுத்திச் சொல்கிறது. களவுக்கோ வாளைக் காட்டிய கொள்ளைக்கோ மரண தண்டனை இல்லை.

பிடிபட்டவரை மின்கம்பத்தில் கட்டிவைத்து ஊரே சேர்ந்து அடிக்கும் காட்சி நமக்குப் புதிதல்ல. கடைவாசலில் அப்படிக் கூட்டம் சேர்ந்தால், பிடித்த ஆளின் பாதுகாப்பும் காவலாளியின் பொறுப்பில் வந்துவிடும். கூட்டத்துக்கும் அவருக்கும் நடுவே நிற்க வேண்டும், கடைக்குள் எடுத்துக் கதவைச் சாத்த வேண்டும், 119க்கு அழைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வேடிக்கை பார்த்தவரும் பிறகு சாட்சிக்கூண்டில் பதில் சொல்ல வேண்டி வரும்.

அடக்கிப் பிடிக்கும்போது ஆள் சாவதற்கு அடிதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. குப்புறக் கிடத்தி, கையைப் பின்னால் கட்டி, முதுகில் ஒருவர் முழங்காலை ஊன்றினால் மார்புக்கூடு விரிய முடியாது. வயிறு தரையில் அழுந்துவதால் உதரவிதானமும் இறங்க முடியாது. ஓடிக் களைத்தவருக்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்படும் நேரம் அது. அவர் திமிறுவது மூச்சுக்காக. மேலே இருப்பவர் அதை எதிர்ப்பு என்று நினைத்து இன்னும் அழுத்துகிறார். சில நிமிடங்களில் அமைதியாகிவிடுவார். அந்த அமைதியை அடங்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்வதுதான் உயிரைக் குடிக்கிறது. கை கட்டுப்பட்டதும் பக்கவாட்டில் திருப்பி, பிறகு நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். கழுத்தில் பிடி வேண்டவே வேண்டாம். ‘மூச்சு முட்டுது’ என்று சொல்பவரை, பேசுகிறாரே என்று அலட்சியம் செய்யக்கூடாது.

பொல்லுக்கும் இடம் உண்டு. தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்கால், மேற்கை: இவை தசை நிறைந்தவை, வலி வந்து பிடி தளரும். தலை, கழுத்து, முள்ளந்தண்டு, சிறுநீரகம் இருக்கும் இடுப்புப் பின்புறம், முழங்கால் மூட்டு: இங்கே விழும் அடி துவக்குச் சூட்டுக்குச் சமமான முடிவைத் தரலாம், சட்டமும் அதை அப்படித்தான் பார்க்கும். தலைக்கு மேலே ஓங்கி அடிப்பது தன்னையறியாமல் தலையில்தான் போய் விழும். பக்கவாட்டு வீச்சையே பழக வேண்டும்.

வாள், தூரம், நேரம்

ஒரு அச்சுறுத்தலை எடைபோட மூன்று கேள்விகள் போதும். கொல்லவோ ஊனமாக்கவோ கூடிய கருவி இருக்கிறதா? அது இப்போது எட்டும் தூரத்தில் இருக்கிறதா? அவர் நடத்தையில் அந்த எண்ணம் தெரிகிறதா? மூன்றுக்கும் ‘ஓம்’ என்றால்தான் துவக்கு கேள்விக்குள் வரும். தூரத்தில் வாளோடு நின்று கத்துபவரிடம் முதலாவதும் மூன்றாவதும் உண்டு, இரண்டாவது இல்லை. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்று விலை கேட்பவரிடம் முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது இல்லை.

எட்டும் தூரம் என்றால் எவ்வளவு? 1983இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றி பொலிஸைச் சேர்ந்த டென்னிஸ் ரூலர் ஒரு சோதனையின் மூலம் காட்டினார்: கத்தியோடு ஓடிவரும் சாதாரண ஆள் 21 அடியை, ஏறத்தாழ ஆறரை மீற்றரை, ஒன்றரைச் செக்கனில் கடந்துவிடுவார். பயிற்சி பெற்றவர் கைத்துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். இந்த எண்ணை ‘21 அடிக்குள் வந்தால் சுடலாம்’ என்ற உரிமமாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறான படிப்பினை. வாளோடு ஒருவர் வரும்போது அந்த ஒன்றரைச் செக்கன் நமக்குப் போதாது, ஆகவே தூரத்தையும் தடுப்பையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்தச் சோதனை காட்டியது. தோளில் வாரோடு தொங்கும் நீளத் துவக்கை இறக்கி எடுக்க இன்னும் கூடுதல் நேரம் செல்லும்.

எனவே காவலாளி நிற்கும் இடம்தான் பாதித் தற்காப்பு. வாசலுக்கு நேரே கதிரை போட்டு உட்காரக்கூடாது. உள்ளே வருபவரின் முதல் வீச்சு அங்கேதான் விழும். முதுகுக்குச் சுவர், முன்னால் ஒரு மேசையோ தூணோ, வாசலைப் பக்கவாட்டில் பார்க்கும் கோணம். கதவு உள்ளிருந்து மின்பூட்டால் திறப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. ‘ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’ என்ற அறிவித்தல் வெறும் அலங்காரமாகத் தொங்கும் கடைகள் பல. கதவு திறக்கும் முன்பே அதைக் கேட்டு நிறைவேற்றினால், துவக்கைத் தொடவே தேவை வராமல் போகும் சந்தர்ப்பங்கள் கூடும்.

குரலும் ஒரு கருவி. கட்டளை குறுகியதாக, ஒரே ஆளிடமிருந்து வர வேண்டும்: ‘நில்! கிட்ட வராதை! வாளைக் கீழை போடு!’ நான்கு பேர் நான்கு விதமாகக் கத்தினால் எதிரே நிற்பவனுக்கு எதைக் கேட்பதென்று புரியாது. கையைத் தூக்கச் சொல்லி ஒருவரும் அசையாதே என்று இன்னொருவரும் கத்தும்போது அவன் எதைச் செய்தாலும் தவறாகிவிடும். இதே கட்டளைகளைச் சிங்களத்திலும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். பொலிஸாரின் பலப்பிரயோகம் குறித்து 1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகளும் தன்னை அடையாளப்படுத்தி, சுடப்போவதாகத் தெளிவாக எச்சரித்து, அதற்குப் பணிய நேரம் கொடுக்கச் சொல்கின்றன. அப்படி எச்சரிப்பதே ஆபத்தை உண்டாக்கும், அல்லது எச்சரிப்பதில் தெளிவாகவே பயனில்லாத நிலைமைக்கு மட்டும் விலக்கு. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே கொல்லும் நோக்கோடு சுடலாம் என்பதும் அதே கோட்பாடுகளில் உண்டு. அவை பொலிஸாருக்காக எழுதப்பட்டவை. பொலிஸாருக்கே அவ்வளவுதான் என்றால் தனியார் காவலாளிக்கு அதைவிடக் கூட எப்படி இருக்கும்?

மேலே சுடுவது

‘வெருட்ட மேலே ஒரு வெடி வைத்தால் ஓடிவிடுவான்கள்’ என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு யாரும் சொல்லக்கூடாது. 1974 ஜனவரி 10 அன்று நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் நிகழ்வில், வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே பொலிஸார் மேல்நோக்கிச் சுட்டதில் மின்கம்பி அறுந்து விழுந்து, மின்சாரம் தாக்கி மக்கள் இறந்தார்கள். நினைவுத்தூண்கள் முற்றவெளியோரத்தில் இன்றும் நிற்கின்றன.

மேலே போனது எங்கோ இறங்கத்தான் வேண்டும். நம் கடைவீதிகளில் தலைக்கு மேலே மின்கம்பி, மாடி வீடு, தகரக் கூரை, விளம்பரப் பலகை. கடைக்குள்ளே மேலே சுட்டால் சீமெந்துத் தட்டில் பட்டுத் தெறிக்கும். சட்டப்படி பார்த்தாலும் எச்சரிக்கை வெடி தற்காப்பு வாதத்தைப் பலவீனப்படுத்தும்: மேலே சுட்டுப் பார்க்க நேரம் இருந்ததென்றால், ஆபத்து அந்த நொடியிலேயே இருக்கவில்லை என்றுதானே அரச சட்டத்தரணி கேட்பார்.

ஓடும் மோட்டார் சைக்கிளின் ரயருக்குச் சுடுவதும் இதே வகை. ரயர் சிறியது, சுழல்வது, ஆளின் காலுக்கும் முதுகுக்கும் அருகில் இருப்பது. 2016 ஒக்டோபர் 20 இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் சென்ற மோட்டார் சைக்கிள் மீது பொலிஸார் சுட்டதில் இருவருமே உயிரிழந்தனர். ஒருவர் சூட்டில் இறந்தார். வண்டி கட்டுப்பாடிழந்து மோதியதில் மற்றவரும் போய்விட்டார். நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்பதுதான் பொலிஸ் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். நிற்காமல் போவது ஒருபோதும் உயிராபத்து அல்ல. முதலில் அது வீதி விபத்து என்றே சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் சூட்டுக்காயம் தெரியவந்த பிறகு ஐந்து பொலிஸார் கைதானார்கள்.

துவக்கு என்ற கருவி

இங்கே காவலாளிகளின் கையில் அதிகம் காண்பது பன்னிரண்டு போர் துவக்கு (‘போர்’ என்பது குழலின் உள்ளளவு). ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ, மடித்துத் திறக்கும் வகை. எஸ்.ஜி. தோட்டா ஒன்றில் எட்டு மில்லிமீற்றரை ஒட்டிய விட்டமுள்ள ஈயச் சன்னங்கள் ஒன்பது வரை இருக்கும். குழலை விட்டு வெளியேறியதும் அவை விரியத் தொடங்கும். வாய்ப்பக்கம் ஒடுங்காத குழலில், தூரம் ஒரு மீற்றர் கூட விரிவும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடும் என்பது கைக்கணக்கு. ஐந்து மீற்றரில் உள்ளங்கையளவு. இருபது மீற்றரில் அரை மீற்றரளவு, அதாவது ஒரு ஆளின் தோளகலத்தை விட அகலம். குறிவைத்தது ஒருவரை என்றாலும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஒன்றிரண்டு சன்னம் போகும், குறி தப்பிய சன்னம் அரைக் கிலோமீற்றருக்கு மேலும் பறக்கும். மக்கள் நடமாடும் வீதியில் இருபது மீற்றருக்கு அப்பால் இந்தத் துவக்கால் ‘அவனை மட்டும்’ சுடுவது என்று ஒன்றில்லை. ஒன்பது சன்னத்துக்கும் சுட்டவரே பொறுப்பு. குற்றமற்றவருக்குக் காயம் நேரும் அபாயத்தை ஏற்றும் சுடலாம் என்று 99ஆம் பிரிவு இடம் தருவது, மரண ஆபத்தான தாக்குதலைத் தடுக்க வேறு வழியே இல்லாத நிலைமைக்கு மட்டுமே.

விரல் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தே ஒருவர் பயிற்சி பெற்றவரா என்று சொல்லிவிடலாம். சுடுவதென்று முடிவெடுக்கும் வரை ஆள்காட்டி விரல் விசைவளையத்துக்கு வெளியே, மரத்தோடு நீட்டி ஒட்டியிருக்க வேண்டும். திடுக்கிட்டாலும் கால் தடுக்கினாலும் மற்றக் கையால் எதையாவது இறுக்கினாலும், இரு கை விரல்களும் சேர்ந்தே சுருங்கும். அப்போது விரல் விசையில் இருந்தால் வெடிக்கும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது செத்தவருக்கு உதவாது. வாசலில் உட்கார்ந்தபடி குழல்வாயைப் பாதத்தின் மேல் ஊன்றி, அதன்மேல் நாடியை வைத்துத் தூங்குபவர்களைக் கண்டால் உடனே எழுப்பிச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று இங்கே துவக்குக்குப் பகை. குழலுக்குள் துரு ஏறும், தோட்டாவின் பித்தளை அடி பச்சை பிடிக்கும், ஈரம் பட்ட தோட்டா வீங்கி, குழலின் பின்முனையில் அதை இடும் அறைக்குள் இறுகும். மாதக்கணக்கில் ஒரே தோட்டாவைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தால் விளிம்பு தேய்ந்து இழுபடாது. விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறக்கக்கூடாது: குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி முப்பது செக்கனாவது பொறுக்க வேண்டும், தாமதித்து வெடிக்கலாம். இருபது போர் தோட்டாவைத் தவறுதலாகப் பன்னிரண்டு போர் குழலில் இட்டால் அது வழுக்கி முன்னே போய் நிற்கும். அறை வெறுமையாகத் தெரியும். பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துப் பிடித்திருக்கும் கை போகும். இரண்டு அளவும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது.

துவக்கைப் பறிகொடுப்பது இன்னொரு ஆபத்து. 2017 ஜூலை 22 அன்று நல்லூரில் மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியன் பயணித்தபோது, அவருக்குப் பாதுகாப்பளித்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியையே ஒருவர் பறித்துச் சுட்டார். மெய்ப்பாதுகாவலரான சார்ஜன்ட் ஒருவர் உயிரிழந்தார். பயிற்சி பெற்ற பொலிஸாருக்கே பட்டப்பகலில், சனநெரிசலில் இது நேர்ந்தது. ஆயுதம் வைத்திருப்பவர் வாகனத்தை ஒதுக்கவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் போகக்கூடாது; அதற்கு வேறு ஆள் வேண்டும். ஆளோடு கைகலக்க வேண்டி வந்தால் துவக்கு வைத்திருப்பவர் பின்னே நிற்க, வெறுங்கையர் முன்னே போக வேண்டும். யாரோடும் பேசும்போது துவக்குள்ள பக்கத்தை அப்பால் திருப்பி, ஒரு கை நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டு நிற்பது பழக்கமாக வேண்டும்.

வெடித்த பிறகு

முதல் வேலை, ஆபத்து நின்றுவிட்டதா என்று பார்ப்பது. நின்றதும் சூடும் நிற்க வேண்டும். ‘இன்னொன்று போடு’ என்று யாராவது கத்தினால் கேட்கக்கூடாது. விழுந்தவர் மீது விழும் இரண்டாவது வெடிதான் தற்காப்பைக் கொலையாக மாற்றும். அடுத்தது 119, பிறகு 1990 அம்புலன்ஸ். சுடப்பட்டவர் கொள்ளையனாகவே இருந்தாலும் அவருக்கு முதலுதவி செய்ய வேண்டும். அவருடைய ஆயுதத்தைக் காலால் தள்ளித் தூரப்படுத்திவிட்டு, சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து முழுப் பாரத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொரு துணி. கையிலோ காலிலோ பீறிடும் இரத்தம் அழுத்தத்துக்கு நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே அகலமான பட்டியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும்.

வெற்றுத் தோட்டாவைப் பொறுக்கக்கூடாது, இரத்தத்தைக் கழுவக்கூடாது. துவக்கு அதே நிலையில், பாதுகாப்பான திசையில், யாரும் தொடாதபடி இருக்க வேண்டும். பொலிஸார் எடுக்கும்போது இலக்கம் எழுதிப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். சி.சி.ரி.வி. பதிவு சில நாட்களில் தானாகவே அழிந்து மேலெழுதப்படும், எனவே அன்றே பிரதி எடுக்கச் சொல்ல வேண்டும். நீதிவான் இடத்தைப் பார்வையிடுவார், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார், துவக்கும் தோட்டாவும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்குப் போகும். எத்தனை மீற்றரிலிருந்து, முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்பதைச் சன்னங்களின் விரிவும் காயத்தின் வாயும் சொல்லிவிடும். பின்னால் மாற்றிச் சொல்ல வழியில்லை.

சந்தேகம் கொலை என்று பதிவானால், 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி பிணை தரும் அதிகாரம் மேல் நீதிமன்ற நீதிபதிக்கே உண்டு, நீதிவானால் முடியாது. காவலாளி சரியாகவே நடந்திருந்தாலும் அதுவரை விளக்கமறியலில் இருக்க நேரலாம். அந்தக் காலத்தில் அவர் குடும்பத்துக்குச் சம்பளம் போகுமா, சட்டத்தரணிக்கு யார் கொடுப்பது என்பதெல்லாம் வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, விளங்கிய பிறகே ஒப்பமிட வேண்டும். ‘ஓடும்போது சுட்டேன்’ என்பதில் ஓடியது யார் என்பது ஒரு எழுத்தில் மாறிவிடும்.

கடைக்காரரின் பக்கம்

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அனுமதிப்பத்திரம் பாதுகாப்பு அமைச்சின் கீழ். துவக்குக்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம்; அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதலாளி தன் பெயரிலுள்ள துவக்கை வாசலில் நிற்பவரிடம் சும்மா கொடுத்து நிறுத்துவது பெரும் சிக்கல். யாருடைய பெயரில், எந்தத் தேவைக்கு, எந்த இடத்துக்கு அனுமதி இருக்கிறதென்று பத்திரத்தை வாங்கி வாசிக்க வேண்டும். காவலாளி வேலையின்போது செய்த தவறுக்கு அவரை அமர்த்தியவரும் நட்டஈடு கொடுக்க நேரும். நமது சட்டத்தின் உரோம-டச்சுப் பகுதி அப்படித்தான்.

பன்னிரண்டு மணி நேர முறை, ஆள் வராவிட்டால் இரட்டை முறை, அதுவும் ஆயுதத்தோடு. தூக்கமில்லாதவரின் கையில் துவக்கைக் கொடுப்பதை எந்த நிறுவனமும் நியாயப்படுத்த முடியாது. முறை மாறும்போது இருவரும் சேர்ந்து துவக்கைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் அறையைத் தொட்டுப் பார்த்து, தோட்டாக்களை எண்ணி, இலக்கங்களோடு புத்தகத்தில் எழுதி ஒப்பமிடுவதற்கு நான்கு நிமிடம் போதும். கை மாறும் அந்த நேரத்தில்தான் தவறுதலான வெடிகள் நேர்கின்றன. ‘வெறும் துவக்குத்தானே’ என்று நினைத்த துவக்கால்.

காவலாளி ஏன் தேவையற்ற நேரத்தில் சுடத் துணிகிறார் என்று பார்த்தால், கோபத்தை விட வேலை போய்விடும் என்ற பயமே பெரும்பாலும் முன்னிற்கிறது. நகை போனால் ‘நீ என்னத்துக்கு அங்கை நின்றனி?’ என்று முதலாளி கேட்பார் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வாசலுக்கான எழுத்துக் கட்டளையில், கொள்ளையர் வெளியேறினால் கதவைப் பூட்ட வேண்டும், வண்டி இலக்கத்தையும் போன திசையையும் குறிக்க வேண்டும், 119க்கு அழைக்க வேண்டும், பின்னால் சுடக்கூடாது என்று எழுதுவதோடு இன்னொரு வரியும் சேர வேண்டும்: இப்படி நடந்துகொண்டதற்காக அவரது சம்பளத்திலோ வேலையிலோ கைவைக்கப்படாது. அதன்கீழ் முதலாளியின் கையொப்பமும் திகதியும் இருக்க வேண்டும்.